டர்போ இருக்கா என்று கேட்டேன், சாவியைக் கொடுத்தார்

போன வருஷம் ஆடி மாதம். தல்லாகுளத்திலிருந்து நத்தம் ரோட்டுக்குப் போகும் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த சின்னக் கார் அது. அக்கா ஓட்டினாள், பக்கத்தில் விற்பனையாளர், பின்னால் அப்பாவும் நானும். "பாருங்க சார், எப்புடி ஏறுது" என்று அவர் பெருமையாகச் சொன்னார். மதுரைக்குள் ஏற்றம் என்று காட்ட அந்தப் பாலத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? மலைக்கு வாங்கப் போகிற வண்டியைப் பாலத்தில் ஏற்றிப் பார்த்து என்ன ஆகப்போகிறது, மலைக்கே போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

மலைக்கு ஏன் வண்டி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வாடிப்பட்டியில். அக்காவுக்குச் சிறுமலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. மாமாவுக்குத் திருப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அக்கா மகளுக்கு அப்போது மூன்று வயது. சாயங்காலம் அம்மா வீட்டில் இல்லையென்றால் ஊரையே கூட்டிவிடுவாள். மலைக்குப் போகிற பஸ்ஸின் நேரமும் பள்ளி நேரமும் ஒத்துவரவில்லை. சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். அப்பாவால் முடிந்தது இருப்பதிலேயே சின்னக் கார்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. மற்ற நேரமெல்லாம் கார் வீடியோக்கள். அதனால் எங்கள் வீட்டில் வண்டி விஷயத்தில் நான் சொல்வதுதான் தீர்ப்பு. ஷோரூமுக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இதுல டர்போ இருக்கா?" டர்போ என்றால், இன்ஜினிலிருந்து வெளியேறுகிற புகையின் வேகத்தை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, உள்ளே கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுகிற சாதனம். சின்ன இன்ஜினுக்குப் பெரிய நுரையீரல் வைத்த மாதிரி.

விற்பனையாளர் நேர்மையான மனிதர். இந்த விலையில் டர்போ வராது, அதற்கு மேலே வேறு மாடலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மேலே போக எங்களுக்கு வழியில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். டர்போ இல்லாமல் மலைக்கு எடுப்பது வேஸ்ட் என்று என் பாட்டுக்குச் சொன்னேன். அப்பா உடனே அக்காவைப் பார்த்தார்.

"அப்ப வேலைக்கு வரலைன்னு சொல்லிரும்மா. நடுவழியில வண்டி நின்னா நீ தனியா என்ன செய்வ?"

நல்லவேளை, ஆடி மாதத்தில் அப்பா எந்தப் புது வண்டிக்கும் கையெழுத்துப் போட மாட்டார். ஆடியில் பார்க்கலாம், ஆவணியில்தான் எடுக்கலாம். பள்ளிக்காரர்களும் ஆவணி பிறக்கும்வரை பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

அன்று மாலை மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அக்கா கேட்டாள்: "நெசமாவே ஏறாதாடா?"

ஏறும், ஆனால் என்று இழுத்தேன்.

"அந்த ஆனாவை நேர்ல போயிப் பாத்துருவோம்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். திண்டுக்கல் போய், நத்தம் ரோட்டில் திரும்பினால் சிறுமலை அடிவாரம். செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, மேலே போகிற சின்ன வண்டிகளை வேடிக்கை பார்த்தோம். எனக்கு ஒரே குஷி. டர்போ வண்டி ஏறும்போது மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு, இதில் உண்டு, இதில் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இல்லாத வண்டிகளும் ஏறத்தான் செய்தன. முக்கின, முனகின, ஆனால் ஏறின. அக்காவின் முகம் மட்டும் தெளியவில்லை.

"அவங்கல்லாம் ஓட்டத் தெரிஞ்சவங்க, ஏறுறாங்க. ஏத்தத்துல எதுத்தாப்புல பஸ் வந்து என்னை நிக்க வச்சுட்டா, திரும்பி எடுக்கும்போது வண்டி பின்னாடி உருண்டுருமேடா. அதுக்கு உன் டர்போ என்னா செய்யும்?"

அவளுடைய பயம் அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. லைசென்ஸ் வாங்கிய பிறகு அவள் சமதரையைத் தாண்டி ஓட்டியதே இல்லை.

அந்த நேரத்தில் நாங்கள் பார்த்து வைத்த அதே கார் வந்து டீக்கடை முன்னால் நின்றது. பின் சீட்டில் பாதிக்கு மேல் துணி மூட்டைகள். ஓட்டி வந்தவர் ஐம்பதை ஒட்டிய ஓர் அம்மா. தலையில் முக்காடு, மூக்குக் கண்ணாடி, கையில் பெரிய தண்ணீர் பாட்டில். மதுரையில் பழைய ஊருக்குள் துணி வியாபாரமாம். நைட்டியும் பள்ளிச் சீருடையும் மலைக்கடைகளுக்கு அவரே கொண்டுபோய்ப் போடுவாராம். இதெல்லாம் பிறகு அவர் சொன்னது. அப்போது நான் நேரே போய், "அக்கா, இதுல டர்போ இருக்கா?" என்றேன்.

"அப்படின்னா என்ன தம்பி? ஏசி இருக்கு. பாட்டுப் பாடும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

வேண்டுமானால் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று பானெட்டையே திறந்துவிட்டார். பார்த்தேன். இல்லை. இல்லை என்றதும், "அது இல்லாம ஏறக்கூடாதா? இது பாட்டுக்கு ஏறிக்கிட்டுத்தானே இருக்கு" என்று சிரித்தார். எதற்கு விசாரிக்கிறோம் என்று கேட்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், குழந்தை, பஸ் நேரம், உருண்டுவிடும் என்கிற பயம் உட்பட. அந்த அம்மா டீயை முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கார் சாவியை அக்கா பக்கம் நீட்டினார்.

"எனக்கு இன்னைக்கு முட்டி வலி. கிளட்ச்ச மிதிக்க முடியல. நீ மேல வரைக்கும் ஓட்டிக் குடுத்துரு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். எங்கள் பெயர்கூட அவர் கேட்டிருக்கவில்லை. கீறல் விழுந்தால், எங்கேயாவது இடித்துவிட்டால் என்று நான் ஆரம்பித்ததும், "விழுந்தா விழட்டும், வண்டிதானே" என்று சொல்லிவிட்டு இடதுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். "நான் பிஸ்மி சொல்லிக்கிறேன். நீ உன் சாமி பேரச் சொல்லிட்டு எடும்மா."

மூட்டைகளுக்கு நடுவில் முட்டியை மடக்கி என்னைத் திணித்துக்கொண்டேன். முதல் சில வளைவுகள் சுமாராகப் போயின. அக்கா இரண்டாவது கியரிலேயே இழுத்தபோது வண்டி திணறியது. டர்போ இருந்தால் இந்த இடத்தில் என்று வாயெடுத்தேன். "பேசாம வாடா" என்றாள், கண்ணாடி வழியாக என்னைப் பார்க்காமலேயே.

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவின் நட்ட நடுவில் அது நடந்தது. மேலிருந்து பஸ் இறங்கி வந்தது. அக்கா பிரேக்கை மிதித்தாள். பஸ்காரர் ஒதுங்கி, நீங்க வாங்க என்று கையைக் காட்டினார். அக்கா எடுத்தாள். வண்டி பின்னால் நழுவி, ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. பஸ் ஜன்னலெல்லாம் தலைகள். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

அந்த அம்மா ஹேண்ட் பிரேக்கைத் தானே பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் இழுத்திருப்பேன், கூடவே கத்தியும் இருப்பேன். அவர் கை மடியிலேயே இருந்தது.

"ஹேண்ட் பிரேக்கப் போட்டுக்க. அவுங்க நிப்பாங்க. நமக்கு ஒண்ணும் அவசரமில்ல." என் பக்கம் திரும்பினார். "தம்பி, எறங்கி டயருக்கு ஒரு கல்லு வைங்க."

மலைப்பாதையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. யாரோ வைத்துவிட்டுப் போன கல்லே ஓரத்தில் கிடந்தது. எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். இன்ஜின் உறுமியது. கிளட்ச் கருகும் வாடை வந்தது. ஒரு நொடி வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பிறகு மெதுவாக நகர்ந்தது.

நகர்ந்தது மட்டுமில்லை, என்னை விட்டுவிட்டுப் போயும்விட்டது. "நிக்காத, அப்படியே போ, தம்பி நடந்து வருவாரு" என்று அந்த அம்மா சொன்னாராம். கல்லை ஓரத்தில் தள்ளிப் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன். பஸ்ஸும் வேனும் போன பிறகு அந்த இடத்தில் அப்படி ஓர் அமைதி. எனக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில், முதல் கியரில் அந்தச் சின்ன இன்ஜின் முனகிக்கொண்டே போகிற சத்தம் மட்டும் கேட்டது. விசில் இல்லை. ஒரு வளைவில் சத்தம் நின்றது. நடையை எட்டிப் போட்டேன். மறுபடியும் கேட்டது. அடுத்த வளைவிலும் நின்று, மறுபடி கிளம்பியது. அக்கா வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பழகுகிறாள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

நான் வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது அக்கா சாலையோர மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, அந்த அம்மா கொடுத்த ரஸ்க்கைத் தின்றுகொண்டிருந்தாள். வேலை கிடைத்த தபால் வந்த அன்றுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்க்கவில்லை.

"மூணு தடவை நிறுத்தி எடுத்தேன். உருளவே இல்ல."

மேலே கடைகளில் துணி இறக்க நான் உதவினேன். கிளட்ச் தேய்ந்திருக்குமே என்று மெதுவாகச் சொன்னேன். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் அடுத்த மூட்டையை என் தோளில் ஏற்றினார். திரும்பும்போது அவரே ஓட்டினார். வளைவுக்கு வளைவு கிளட்ச்சை மிதித்து, கியரை மாற்றி, பாட்டைப் போட்டுவிட்டு சரசரவென்று இறங்கினார். முட்டி வலி என்ன ஆயிற்று என்று கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அடிவாரத்தில் எங்களை இறக்கிவிட்டு, "வாரேம்மா, பிள்ளையப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்களும் பெயரைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அக்காவே பேசினாள். அவர் என்னைப் பார்த்தார். ஏறும் என்றேன். இந்தத் தடவை ஆனா போடவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அந்தச் சின்னக் கார் வீட்டுக்கு வந்தது. இப்போது அக்கா தினமும் மலைக்குப் போய்வருகிறாள். இழுவை குறையாமலிருக்க ஏசியை அணைத்துவிட்டுத்தான் ஏற்றுகிறாள். டர்போ இருந்தால் இன்னும் சுகமாக இருக்கும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அதை அவளிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அக்காவோடு வேலை பார்க்கும் புது டீச்சர் ஒருவர் லைசென்ஸ் வாங்கிவிட்டு மலையில் ஓட்டப் பயந்துகொண்டிருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டியில் அவரை ஏற்றிப் பழக்கச் சொல்லி அக்கா என்னைக் கேட்டிருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி வண்டியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பதறாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வளைவில் பார்த்தவன் நான். எனக்கு அது வருமா என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும்.