தாய், அம்புக்குறி, தாய்

பின்னேரம் வாவிக்காற்றில் யாரோ வீட்டு மீன்பொரியல் வாசம். தங்கையின் மகள் சுகந்தி கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தத் திரைக்கு முன்னால் எனக்கு வாய் வராது. மனிதருக்கு முன்னாலும் அப்படித்தான், அதை விடுங்கள்.

கோயிலுக்காக ஊர்க்குடிகளைப் பதிகிறாளாம். பேர்ள் என்று கணினிக்கு விளங்கும் பாஷையாம். எங்கள் பக்கம் குடி என்றால் வம்சம், அது தாய்வழிதான். ஒருத்தியின் குடியை அறிய ஆள், அம்புக்குறி, தாய், அம்புக்குறி, தாய் என்று ஒரே வரியில் எழுதுகிறாள். அம்புக்குறி ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. மூத்த தாயிடம்தான் குடியின் பெயர் இருக்கும்.

"நடுவில ஒரு தாய் வெறுமையா இருந்தா முழு வரியும் விழுந்திரும் பெரியம்மா. ஒண்டுமில்லாதத ஏன் கூப்பிடுறாய் எண்டு ஏசும்."

ஏச்சு என்றதும் அடுத்த வளவுப் பொன்னம்மா மாமியின் வெற்றிலை வாய்தான் நினைவில் வந்தது.

எனக்குப் பத்து வயது. அம்மா செத்துப்போயிருந்தார். கோயில் சடங்குக்குப் படையல் கொண்டுபோகும் மடைப்பெட்டி தூக்க, புதுப்பாவாடை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் வண்ணக்கர், கோயில் பொறுப்பாளர், கேட்டார்: "ஆர்ர மகள்?" சொன்னேன். "தாய்ர தாய் ஆரு?" சனத்தைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மாமியைப் பார்த்தேன். அவரும் என் அம்மம்மாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள்.

"எனக்கென்னகா தெரியும்? எங்கருந்து வந்ததுகளோ!"

சனம் சிரித்தது. பெட்டி மாமியின் மகள் தலைக்கு ஏறியது. 'எங்கிருந்தோ வந்தவள்' என்ற பேச்சு என்மேல் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த கலியாணப் பேச்சும் அதிலேயே குழம்பியது. வேறு பேச்சு வரவில்லை.

மாமியும் மகளும் இப்போது இல்லை. சுகந்தி நிமிர்ந்தாள்.

"பெரியம்மா, பொன்னம்மாட பூட்டப்பிள்ள கொழும்பில இருந்து கேக்குறா. இந்தமுற மடைப்பெட்டி தூக்க ஆசையாம். குடி தெரியாம வண்ணக்கர் விடமாட்டாராம். பொன்னம்மாட தாய்ர பேர்தான் இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வந்த மனிசி. பெயரும் தெரியும், குடியும் தெரியும், கழுத்து மறுவும் தெரியும்.

"தெரியா மகள்" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அவள் ஒரு விசையை அழுத்தினாள். ஆள், தாய், தாய், தாய், தாய். வரி விழுந்தது. திரையில் ஏச்சு வந்தது. "என்ன எழுதியிருக்கு, வாசி" என்று வாசிக்கவைத்துக் கேட்டேன். இரண்டு தரம்.

அந்தச் சின்னப்பிள்ளை எனக்கு என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. நான் மட்டும் என்ன செய்தேன்?

முன்பு கோயில் வீதியில் பாக்கு இடித்துக்கொண்டே ஊர்த் தாய்மாரை எல்லாம் வரிசையாய்ச் சொல்லும் கிழவிகள் இருந்தார்கள். அன்று எனக்காக ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் போய்விட்டார்கள். அந்த மனிசியின் பெயரறிந்த வாய் இனி என்னுடையது ஒன்றுதான்.