நான்கு நட்டுகளில் மஞ்சள் கோடு

என் மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலி கிடையாது. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஓர் இரும்புத் தண்டு. தண்டின் நுனியில் நீளவாக்கில் வரிவரியாகப் பற்கள் இருக்கும். ஸ்ப்லைன் என்பார்கள். அவை பின்சக்கரத்தோடு ஒட்டிய கியர் பெட்டியின் குழலுக்குள் போய்ப் பொருந்திக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைக் கழற்றி, அந்தப் பற்களுக்குக் கறுப்புப் பசை தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ஆகாது, சிதறிப் போய்விடும். சங்கிலி வண்டிக்காரர்கள் "உனக்கென்ன, பராமரிப்பே இல்லை" என்று பொறாமைப்படுவார்கள். நான் திருத்துவதில்லை. அவர்களுக்கும் ஏதாவது நம்பிக்கை வேண்டுமே.

முப்பத்தோரு ஆண்டுகள் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பராமரிப்புக் கிராணியாக இருந்தேன். எந்த இயந்திரத்தை எப்போது கழற்ற வேண்டும், எதைத் துடைத்து எதைத் தடவ வேண்டும் என்று எழுதி வைப்பது என் வேலை. கழற்றுவது பிட்டரின் வேலை. அந்தப் பிட்டரும் நானும் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர்கள். அவன் மம்பாவ் ஊரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு மோட்டார் பட்டறை வைத்தான். என் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியபோது வண்டியை அவனிடம் ஒப்படைத்தேன். பத்து வருஷத்துக்குக் காணுமளவு ஒரு டின் பசையும், என் கையெழுத்தில் பதினொரு படிகள் கொண்ட ஒரு தாளும் கூடவே கொடுத்தேன்.

"என்னா கிராணி, கல்யாணப் பத்திரிகையா?" என்றான். ஆனாலும் தாளைச் சுவரில் ஆணியடித்து மாட்டினான்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றி மாட்டிய நட்டை முறுக்கி முடித்ததும், நட்டின் மேலிருந்து பெட்டி வரைக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்போம். நட்டு தளர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். கோடு புதிதாக இருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். என் வண்டியின் பெட்டியைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளிலும் ஆண்டுதோறும் நான்கு புதுக் கோடுகள் இருக்கும். நான் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். இப்படி ஆறு ஆண்டுகள் போயின.

போன மாதம் ரஹாங்கிலிருந்து கிளம்பி, செம்பனைக் காட்டு ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். கீழே ஏதோ கிறீச்சிட்டது. எஞ்சின் அலறியது, சக்கரத்துக்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. பின்னால் பழக்குலை ஏற்றிய லோரி வந்துகொண்டிருந்தது. அது பிரேக் அடித்து நின்ற இடத்துக்கும் என் முதுகுக்கும் இரண்டு முழம்.

"பெரியவரே, சாகறதுக்கு வேற ரோடு, வேற ஜாலான் கெடைக்கலையா?" என்று கத்திய ஓட்டுநரே இறங்கி, ஆள் பிடித்து வண்டியை வீட்டில் சேர்த்தார்.

பிட்டரைக் கூப்பிட்டேன். "நாளைக்கு வரேன் லா" என்றான். மூன்று நாளாகியும் வரவில்லை. நான்காம் நாள் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நானே ஸ்பானரை எடுத்தேன். நட்டு அசையவில்லை. பெயின்டைக் கத்தியால் சுரண்டினேன். மஞ்சளுக்குக் கீழே மங்கிய மஞ்சள், அதற்கும் கீழே இன்னும் மங்கிய மஞ்சள். ஆறு அடுக்கு. நடுவில் ஒருமுறை நட்டைத் திருப்பியிருந்தால்கூட அடியிலிருந்த அடுக்கு பிளந்திருக்கும். நான்கு நட்டிலும் ஒரு பிளவு இல்லை.

ஒருவழியாக நான்கையும் கழற்றிப் பெட்டியை இழுத்தபோது குங்குமச் சிமிழ் கவிழ்ந்ததுபோல் துருப்பொடி தரையில் கொட்டியது. பற்கள் இருந்த இடம் வழுக்கையாக இருந்தது.

மறுநாள் காலை தண்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு மம்பாவ் போனேன்.

"வருஷா வருஷம் கழட்டினியா?"

"கழட்டுனேன் லா."

துண்டை விரித்தேன். அவன் தண்டைத் தொடவில்லை.

"டயரு மாத்துறப்ப சக்கரத்துல கிரீஸ் வச்சேன். பெட்டிய எறக்கறதுன்னா ஒரு நாள் வேலை, கிராணி. ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"ஆறு வருஷம் கோடு போட்டிருக்கே."

"நீயும் ஆறு வருஷம் கோட்டத்தானே பாத்த?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரிய தொர வந்த அன்னிக்கி என்கிட்ட என்னா சொன்ன? மறந்திட்டியா?"

மறக்கவில்லை. கம்பெனியின் பெரிய துரை ஆலையைச் சோதித்துப் பார்க்க வந்த காலையில், "கழற்ற நேரமில்லை, கோட்டை மட்டும் புதுசாகப் போடு, நான் எழுதிக்கொள்கிறேன்" என்று சொன்னவன் நான்தான். கோணலாகப் போட்ட ஒன்றைத் திருத்தவும் சொன்னேன். அது ஒரு நாளோடு நின்ற பழக்கமும் அல்ல. ஆனால் அது கம்பெனியின் இயந்திரம், இது என் முதுகு. இந்த வேறுபாடு சொல்லாமலே அவனுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

"லோரி ரெண்டு முழத்துல நின்னுச்சு" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "டீ குடிக்கிறியா?" என்றான்.

தண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

சுங்கை காடுட் பக்கம் பழைய வண்டிகளை உடைத்து விற்பவரிடம் வேறு தண்டும் பெட்டியும் கிடைத்தன. அவை வந்த அன்று என் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே நான் கொடுத்த தாள், ஆணி ஓட்டையோடு. ஏறக்குறைய காலியான மஞ்சள் பெயின்ட் டின். பசை டின்னில் மூடியின் முத்திரைகூடக் கிழிபடவில்லை.

அந்தப் பசையைத்தான் இப்போது தடவியிருக்கிறேன், மெல்லிசாக, என் தாளில் சொன்னபடியே. ஏழாவது படிக்கு வந்தபோதுதான் கை நின்றது. 'இன்னொருவர் பெட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.' அவன் பட்டறையில் இன்னொருவர் இருந்ததே இல்லை. எழுதும்போது எனக்கு அது தோன்றவுமில்லை. ஆனாலும் அவன் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் வண்டியை விட்டுவிட்டு, அரைநாள் அவன் வீட்டு முன்பக்கம் அவன் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு நான் உட்கார்ந்துதானே இருந்தேன்.

செங்கற்களை அடுக்கிப் பெட்டியை அவற்றின்மேல் நிறுத்தினேன். இரண்டு நாள் ஆயிற்று. நட்டுகளை முறுக்கினேன். கோடு போடவில்லை.