பிசாசுக்குக் கொடுத்த வாய்தா

நீதிமன்ற அமீனாவைக் கண்டு யாரும் பயந்ததில்லை. அவர்தான் ஊரில் பாதிப் பேரைக் கண்டு பயந்தார். நாய் எதிரே வந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். யாராவது குரலை உயர்த்திப் பேசினால், அது தன்னிடம் இல்லையென்றாலும் மன்னிப்புக் கேட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலையோ, நீதிமன்றம் போடும் உத்தரவை எடுத்துக்கொண்டு போய், வாங்கவே மாட்டேன் என்று வாசலில் மறித்து நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு வருவது. அடுத்தவர் இடத்தில் புகுந்து உட்கார்ந்துகொண்டவர்களை வெளியேறச் சொல்வதும் அதில் அடக்கம்.

இருபத்திரண்டு வருஷமாக அதைச் செய்தார். மணியை அழுத்துவார், இரண்டு அடி பின்னால் வந்து நிற்பார். கால் நடுங்கும். கதவைத் திறப்பவர் "நீ யாருய்யா?" என்று கேட்பார். "நான் யாருமில்லீங்க. அனுப்பினவங்க பேருல வந்திருக்கேன். படிச்சுப் பாத்துட்டு இங்க ஒரு கையெழுத்து," என்பார். ஒருமுறை உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒருவர் அவரை அப்படியே இடுப்பைப் பிடித்துத் தூக்கி மதில்மேல் உட்கார வைத்துவிட்டார். அமீனா மதில்மேல் இருந்தபடியே மூன்று பக்கத்தையும் படித்து முடித்தார். பிறகு, இறக்கிவிட முடியுமா என்று பணிவாகக் கேட்டார். இறக்கிவிட்டவர் என்ன நினைத்தாரோ, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அவருடைய சகலை எல்லாவற்றிலும் நேர் எதிர். மனைவியின் தங்கையைக் கட்டியவர். டயர் கடைக்கு மேலே இருந்த கூடத்தில் எண்பது பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு சபை நடத்திக்கொண்டிருந்தார். வீட்டில் அமீனா அவரைத் தம்பி என்பார், கூடத்தில் பாஸ்டர் என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அசுத்த ஆவிகளைத் துரத்த ஆரம்பிப்பார். அந்தக் குரலைக் கேட்டு, கீழே டயர் கடையில் காற்றடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட ஒருகணம் கையை எடுத்துவிட்டுத்தான் தொடர்வார்கள். அந்த நேரத்தில் அமீனா கூடத்தின் பின்பக்கம், தண்ணீர் டிரம் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். சத்தம் ஆகாது.

ஒரு ஞாயிறு பூட்டுக்காரரை அவருடைய அக்கா அழைத்துவந்தாள். சந்தைப் பக்கத்தில் பூட்டுப் பழுது பார்த்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்த மனிதர். ஆறு வாரமாக ஆள் மாறிப் போயிருந்தார். பல குரல்களில் பேசினார். அதைவிடப் பெரிய தொல்லை, கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டினார். தெருவில் ஒரு காலை எழுந்து பார்த்தால் எல்லா வீட்டு கேட்டிலும் சாவியே இல்லாத பூட்டு. தபால் பெட்டியில் பூட்டு. குடைக்கடைக்காரரின் எல்லாக் குடைகளும் சேர்ந்து ஒரே பூட்டில். பள்ளிக்கூட வாசலையும் பூட்டியிருந்தார். அதைப் பற்றி மட்டும் பிள்ளைகள் யாரும் புகார் சொல்லவில்லை.

பாஸ்டர் ஆரம்பித்தார். நாற்பது நிமிஷம் கத்தினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பூட்டுக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, டாக்டரிடம் முறை வருவதற்குக் காத்திருப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்குள்ளிருந்து கனத்த குரல் ஒன்று சொன்னது.

"கத்து, கத்து. எங்களுக்கு நல்லா தூக்கம் வருது."

பாஸ்டர் இன்னும் ஒரு கட்டை ஏற்றினார். தொண்டைக்குள் ஏதோ கிழிந்த மாதிரி ஆகி, வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது. எண்பது பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பாஸ்டர் கையைத் தூக்கித் தண்ணீர் என்று சைகை காட்டினார். தண்ணீர் பக்கத்தில் நின்றது யார், அமீனாதான். டம்ளரை நிரப்பி, வழியில் பாதியைச் சிந்தி, முன்னால் கொண்டுவந்தார்.

பூட்டுக்காரரின் பார்வை அவர்மேல் திரும்பியது. "நீ யாருடா?"

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது. "நான் யாருமில்லீங்க. அனுப்பினவர் பேருல வந்திருக்கேன்."

"எவன் அனுப்பினான்?"

அமீனா ஒரு விநாடி யோசித்தார். இன்றைக்கு ஞாயிறு, நீதிமன்றம் கிடையாது. நிற்கும் இடம் எது, இங்கே யாருடைய ஆளாக நிற்கிறோம் என்று பார்த்தால் பதில் ஒன்றுதான். "இயேசு," என்றார், விலாசம் சொல்வதுபோல, மெதுவாக.

பூட்டுக்காரர் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கிக் கீழே வைத்தார்.

அதற்கப்புறம் நடந்ததைக் கூடத்தில் இருந்த ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சொல்கிறார்கள். ஆனால் அமீனா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"பதினொண்ணு," என்றது கனத்த குரல், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டோமே என்ற எரிச்சலோடு.

"எப்பலேர்ந்து?"

"ஆறு வாரம்."

"வீட்டுக்காரர் அனுமதி குடுத்தாரா?"

'அனுமதி இல்லை' என்று அமீனாவே எழுதிக்கொண்டார். "பேரு சொல்லுங்க. ஒருத்தர் ஒருத்தரா."

"அந்தகாரத்தின் சேனாதிபதி."

"பட்டமெல்லாம் வேணாங்க. பேரு மட்டும்."

ஒவ்வொன்றாகச் சொல்லின. ஒன்றுக்கு எழுத்துக்கூட்டிக் கேட்க வேண்டியிருந்தது. பதினோராவது, சளி பிடித்த மாதிரி சின்னக் குரலில், "எனக்குப் பேரு வைக்கலை," என்றது. அதையும் அப்படியே எழுதினார். பதினோரு பேருக்கும் தனித்தனி நகல் வேண்டுமே; பையில் எப்போதும் கார்பன் தாள் இருக்கும். அவர் அழுத்தி அழுத்தி எழுத அரைமணி நேரம் ஆனது. பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். பாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, தன் மனைவியின் அக்கா புருஷனை முதல்முறையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

அமீனா எழுந்து நின்று படித்தார். மேற்படி மனிதருடைய உடலிலும் மனதிலும் குடியிருக்க உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது, ஆகவே இயேசுவின் நாமத்தில் வெளியேற வேண்டியது என்பதுதான் சாராம்சம்.

"திடீர்னு போன்னா எங்க போறது?" என்றது சின்னக் குரல். "கொஞ்சம் டைம் குடு."

அங்கேதான் அமீனா சறுக்கினார். மனசு இளகியவர். அந்தக் குரல் வேறு பாவமாக இருந்தது. "வியாழக்கிழமை பகல் பன்னெண்டு மணி," என்று சொல்லிவிட்டார்.

பூட்டுக்காரர் பேனாவை வாங்கிப் பதினொரு கையெழுத்துப் போட்டார். ஒன்றைப் போல ஒன்று இல்லை. கடைசியது வெறும் பெருவிரல் ரேகை.

அன்று சாப்பாட்டு மேசையில் பாஸ்டர் தட்டைத் தொடவில்லை. பேச்சு வராததால் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்: பிசாசுக்கு வாய்தா கொடுத்தீங்களா அண்ணே?

"பைபிள்ல, பன்னிக் கூட்டத்துக்குள்ள போறோம்னு பிசாசுங்க கெஞ்சினப்போ, ஆண்டவரே சரின்னு விட்டாரே தம்பி," என்றார் அமீனா.

பாஸ்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டி எழுதினார்: அவர் கொடுக்கலாம். நீங்க யாரு?

அமீனா கை கழுவ எழுந்தார். வாசலில் நிற்கிறவர்கள் அதே கேள்வியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள், அப்போதெல்லாம் அது வலித்ததில்லை.

"விடுங்க," என்றாள் அவர் மனைவி. "குடுத்தது குடுத்தாச்சு. வியாழக்கிழமைக்கு லீவு சொன்னீங்களா, அதுவும் இல்லையா?"

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேலைக்குப் போனார், ஒரு வேலையும் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் பொறுங்கள் என்று அழுதிருக்கிறார்கள். பிரசவ வலியில் மகளை வைத்துக்கொண்டு ஒரு அம்மா கேட்டாள். அவளுக்கும் அவர் சொன்னது, "அது என் கையில இல்லீங்கம்மா," என்பதுதான். அது உண்மையும்கூட. மனுஷருக்கு ஒரு மணி நேரம் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நின்றவர், பிசாசுக்கு நாலு நாளைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதை நினைக்க நினைக்க அவருக்குப் பிசாசைவிடத் தன்மேல்தான் அருவருப்பு வந்தது.

வியாழக்கிழமை மனைவியையும் பாஸ்டரையும் சாட்சிகளாகக் கூட்டிக்கொண்டு பூட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். அக்கா வெளியே நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனவர் கதவைத் திறக்கவே இல்லையாம். ஜன்னல் கம்பி வழியாகத்தான் சோறு கொடுத்திருக்கிறாள். கதவின் உட்பக்கம் பதினோரு பூட்டு. அமீனா தட்டினார். இரண்டு அடி பின்னால் வந்து நின்றார்.

பன்னிரண்டு அடித்தது. உள்ளே ஒரு பூட்டு திறந்து விழும் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வாசலில் ஒரு காற்று அவர்களைக் கடந்து போனது. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணி பத்து முறை பொங்கி அடங்கியது. பத்துதான். பதினோராவது பூட்டு அசையவில்லை.

"எனக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம்," என்றது சின்னக் குரல், கதவுக்குப் பின்னாலிருந்து. "நீ நல்லவன்."

அமீனா பையைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். "ஆண்டவரே, எனக்குச் சொந்தமில்லாததை எடுத்துக் குடுத்துட்டேன். நல்லவன்னு பேர் வாங்கப் பாத்தேன். மன்னிச்சிருங்க."

பிறகு கதவைப் பார்த்தார். "வாய்தா குடுக்க எனக்கு அதிகாரம் இருந்ததே இல்ல. ஞாயித்துக்கிழமையே முடிஞ்ச விஷயம் இது. இயேசுவோட பேருல சொல்றேன், கிளம்பு."

"எழுதிக் குடுக்கலையா?"

"எழுத ஒண்ணும் இல்ல. போ."

யாரிடமும் அவர் ஒருமையில் பேசி மனைவி கேட்டதில்லை. அவள் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது. பூட்டு விழுந்தது. துணி பதினோராவது முறை பொங்கியது.

கதவைத் திறந்துகொண்டு பூட்டுக்காரர் வந்தார். கன்னம் ஒட்டிப்போய், தாடி வளர்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அக்கா அவர் தலையைத் தொட்டுப் பார்த்து அழுதாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார்.

"இதையெல்லாம் யாருக்கா மாட்டினது? ஒண்ணாவது நேரா இருக்கா பாரு. தொழில் தெரியாதவன் வேலை."

அக்கா அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று அப்போதுதான் அவளுக்கு நிச்சயமானது. தெருவிலுள்ள பூட்டுகளைத் திறந்து முடிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. பள்ளிக்கூடத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டார்.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? மறுவாரமே அமீனா வீட்டு வாசலில் வரிசை. எலிக்கு ஒரு நோட்டீஸ் எழுதித் தாருங்கள் என்று ஒருவர். ஒற்றைத் தலைவலிக்கு ஒருத்தி. நாத்தனாருக்கு எழுத முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள் ஒரு பெண். நாத்தனாரும் அதே வரிசையில் நாலு பேர் தள்ளி நின்றிருந்தாள். எல்லோரையும் அமீனா தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். "நானா எங்கயும் போறதில்லீங்க. அனுப்பினாத்தான் போவேன்."

பாஸ்டருக்கு மூன்று வாரம் கழித்துக் குரல் வந்தது, பழையதில் பாதிதான். ஒருநாள் சாயங்காலம் வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்களுக்குப் பயமே இல்லையா?"

"இல்லாம என்ன? உசிரே போற மாதிரிதான் இருக்கும்."

"அப்புறம் எப்படிப் போய் நிக்கறீங்க?"

அமீனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "திரும்பிப் போயிட்டா, அனுப்பினவர்கிட்ட என்னான்னு சொல்றது? அந்தப் பயம் இதைவிடப் பெருசு தம்பி. கத்தறதுக்குத் தெம்பு வேணும். எனக்கு அது கிடையாது. பேரைச் சொல்லிட்டு நின்னுடறேன். மிச்சம் அவரு வேலை."

பாஸ்டர் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "நாளைக்கு உங்ககூட வரட்டா? சும்மா பாக்கறேன்."

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு இருவரும் ஒரு வீட்டு வாசலில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பாதையை மறித்துப் பூந்தொட்டி அடுக்கிய வழக்கு. மணியை அழுத்தியதும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கையில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தார். ஆள் தோள் உயரம்கூட இல்லை. காகிதத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

அமீனா இரண்டு அடி பின்னால் நின்று, கால் நடுங்க, முழுவதையும் படித்தார். அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நகலை மடித்துக்கொண்டே அமீனாவைத் தாண்டி எட்டிப் பார்த்தார். தெருவின் அந்தப் பக்கம், நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து பாஸ்டரின் தலை பாதி தெரிந்தது.

"அது யாரு, ஒளிஞ்சு நிக்கறது?"

"என் சகலைங்க."

"உடம்புக்கு ஏதாவதா? மூஞ்சி வெளிறிப் போயிருக்கே," என்றார் ஆசிரியை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போகட்டும்."