கண்மாயிலிருந்து கரையேறிய மாமா

போன மாதம் அத்தை இறந்தபோது அவளுக்குத் தொண்ணூற்றுமூன்று வயது. கோவில்பட்டி சபையில் அடக்க ஆராதனையின்போது ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொன்னார்கள். விடியுமுன் முழங்கால் போட்டு அவள் செய்த ஜெபத்தைப் பற்றி, தான் பெற்றதுகளோடு தம்பிமார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்ததைப் பற்றி, அவள் சொல்லி ஞானஸ்நானம் எடுத்தவர்களைப் பற்றியெல்லாம் பேசினார்கள். தண்ணீருக்குள் இறங்கி நின்ற ஒருவரை அவளே கரையேற்றிக் கூட்டி வந்ததை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அது அவள் புருஷன். என் மாமா.

அத்தைக்கு அவர் முறைமாப்பிள்ளை. எங்கள் வீட்டார் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களானார்கள். மாமா வீட்டார் வரவில்லை. ஆனாலும் சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று கல்யாணம் முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புதூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மாமா அத்தையைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டி வருவார். அவளைச் சபை வாசலில் விட்டுவிட்டு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். பிரசங்கம் நீண்டால் அவருக்கு இரண்டாவது டீ. எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. அறிந்து, விசுவாசித்து, வாயால் சொன்ன பிறகுதான் முழுக்கு. மாமா எதுவும் சொல்கிற வழியாகத் தெரியவில்லை.

அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்ததால் நான் அத்தை வீட்டில் இருந்தேன். மாமா தோளில் உட்கார்ந்துதான் நான் பருத்திக்காட்டைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஓய்வுநாள் பள்ளியில் நரகத்தைப் பற்றிச் சொல்லித்தந்த நாளிலிருந்து எனக்கு மாமாவை நினைத்துத்தான் பயம்.

அந்த வருஷம் அத்தைக்கு வயிற்றில் கட்டி வந்து, திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆயிற்று. பிழைப்பது சந்தேகம் என்றார்கள். அவள் வீடு வந்து சேர்ந்து நடமாடத் தொடங்கியதும் மாமா போதகரிடம் போய், தானும் ஞானஸ்நானம் எடுப்பதாகச் சொல்லிவிட்டார். அத்தை அடுப்படியில் நின்று அழுதாள். நானும் கூடச் சேர்ந்து அழுதேன். எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியிருந்தது.

கார்த்திகையில் எங்கள் ஊர்க் கண்மாய் பெருகிக் கிடந்தது. கரிசல் மண் காலில் அப்ப, சபையார் எல்லாரும் கரையில் நின்று பாடினார்கள். வெள்ளை வேட்டியோடு மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அருகில் போதகர்.

"இயேசுவை உம்முடைய இரட்சகராக விசுவாசிக்கிறீரா?"

மாமா கரையில் நின்ற அத்தையைப் பார்த்தார்.

"ஐயா, இவ ஆஸ்பத்திரியில கெடக்கையில எஞ்சாமிகிட்டயும் கேட்டேன், இவ சாமிகிட்டயும் கேட்டேன். பொழச்சு வந்துட்டா. அவளுக்கு இருக்கது இந்த ஒரு ஆசைதான். அதான் எறங்கிட்டேன்."

கரையில் யாரோ சிரித்தார்கள். போதகர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "போதும், மத்ததக் கர்த்தர் பார்த்துக்கிடுவாரு" என்று மாமாவின் முதுகில் கை வைத்தார். அதற்குள் அத்தை சேலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். நேரே போய் மாமாவின் கையைப் பிடித்தாள்.

"வாங்க, போவோம்."

"ஏட்டி, நீதான இத்தன வருசமா கேட்ட?"

"கேட்டேன். எனக்காவ முங்க வேண்டாம். ஒங்க மனசு சொல்லுத அன்னைக்கு வாங்க. சொல்லலன்னா டீக்கடையிலயே இருங்க. நான் செபம் முடிஞ்சு வந்துருதேன்."

இருவரும் கையைப் பிடித்தபடி கரையேறினார்கள்.

அதன் பிறகும் மாமா வெகுகாலம் இருந்தார். தண்ணீரில் இறங்கவே இல்லை. அவர் இறந்து, அவருடைய ஆட்கள் தங்கள் வழக்கப்படி எடுத்தபோது அத்தை சாங்கியம் எதையும் தடுக்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தாள்.

கண்மாயிலிருந்து வீட்டுக்கு நடந்த அன்று எனக்கு அத்தைமேல் அப்படியொரு கோபம். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால் மாமா தப்பித்திருப்பாரே! மாமா முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் அத்தையை மறித்துக் கேட்டேன்.

"அப்ப மாமா நரகத்துக்குப் போயிருவாவளா?"

"அத முடிவு பண்ணுததுக்கு நீ யாரு, நான் யாரு? பேசாம நட."

சொல்லும்போது அவள் உடம்பு நடுங்கியது. சேலை நனைந்து குளிருகிறது போலும் என்று நினைத்தேன். கோபத்தோடுதான் ஓடிப்போய், மாமாவுக்கென்று எடுத்து வந்த உலர்ந்த துண்டை அவர் தோளிலிருந்து வாங்கி வந்து கொடுத்தேன். அத்தை நடுவழியில் நின்று அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சேலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்க, நனையாத முகத்தை மட்டும் ஏன் இவ்வளவு நேரம் துடைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.