ராமாயி அக்கா திருத்தாத பூக்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அங்கன்வாடி மையத்தில் குழந்தைகளுக்குச் சத்துமாவுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. மகளை விட வந்த ஒரு தாய் வாசற்படியிலேயே நின்று, "ஏனுங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாதுங்களா? ராமாயி அக்கா விடியக்காலம் தவறிட்டாங்க" என்றாள். "எந்த ராமாயி?" என்று கேட்டேன். எங்கள் மலையின் வாழவந்தி நாட்டில் ராமாயிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எந்த ராமாயி என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேறு யாராவதாக இருந்துவிடக்கூடாதா என்றுதான் கேட்டேன். அதற்குள் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அன்று குழந்தைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்கள்.

எங்கள் மலையில் இது மிளகு பறிக்கும் காலம். வீட்டுக்கு வீடு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அக்காவை எடுத்துச் சென்றபோது வழியெல்லாம் பாய்களைச் சுருட்டி இடம் விட்டார்கள். மிளகுக்கொடி படர்ந்த மரத்திலிருந்து இறங்கி அப்படியே வந்து நின்றவர்களும் உண்டு. அவர் கையால் சோறு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு கூட்டத்தில் நின்றார்கள். அழுதேன். அழுததைவிட அதிகமாக, இந்த மனுஷியோடு பதினொரு வருடம் வேலை பார்த்தவள் நான் என்று ஊரே கேட்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சாவு வீட்டில் பெருமை பேசினால் நன்றாக இராது. அதனால் அக்காவைத் தெரிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் அடிவாரத்துக்காரி. அங்கன்வாடி பணியாளராக வேலை கிடைத்து முதல் நாள் மலையேறியபோது, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, பஸ்ஸிலிருந்து பாதி உயிரோடுதான் இறங்கினேன். எலுமிச்சம்பழத்தோடு எனக்காகக் காத்திருந்தார் மையத்தின் உதவியாளர் ராமாயி அக்கா. "மோந்து பாருங்க கண்ணு. நாலு மாசத்துல பழகிப்போயிடும். பழகலீன்னா இங்கயே ஒரு ஊடு பாத்துத் தாரேன்" என்றார். காகிதத்தில் நான் அவருக்கு மேல். நான் டீச்சர், அவர் சமைத்துப் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளைத் தூங்க வைப்பவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதற்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். பிடிவாதத்தில் யார் மூத்தவர் என்பது எங்களுக்குள் கடைசிவரை தீராத வழக்கு.

பைப் கிளீனர் எங்கள் மையத்துக்கு வந்தது ஒரு பயிற்சி வகுப்புக்குப் பிறகு. மெல்லிய கம்பியைச் சுற்றிப் பஞ்சு முடி வைத்து, பல நிறங்களில் கட்டுக்கட்டாக விற்பார்கள். வளைத்தால் வளைந்தபடி நிற்கும். சின்னக் குழந்தைகளின் விரலுக்கு நல்ல வேலை, பூச்செய்யச் சொல்லுங்கள் என்றார்கள். ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்த அக்கா, "மொசுமொசுன்னு கம்பளிப்பூச்சியாட்டம் இருக்குது" என்றார். அன்றிலிருந்து எங்கள் மையத்தில் அதற்கு மொசுக்கம்பி என்று பெயர். வெட்டிய நுனி குத்தும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. அக்கா ஒவ்வொரு துண்டின் இரண்டு நுனியையும் மடக்கி, தன் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பார். "என்ற கன்னத்துல குத்தாதது புள்ள கையில குத்தாதுங்க" என்பார். அவர் இருந்தவரை ஒரு குழந்தையின் விரலில்கூடக் கீறல் விழுந்ததில்லை.

நான் ஒழுங்குக்காரி. மஞ்சளில் நடு, சிவப்பில் ஐந்து இதழ், பச்சையில் காம்பு என்று மாதிரிப் படத்தில் இருந்தால் அப்படியே இருக்க வேண்டும் எனக்கு. தர்ஷினி என்று ஒரு குழந்தை, நான்கு வயது நிரம்பவில்லை. அவள் செய்த பூவில் ஒரே ஒரு பெரிய இதழ், காம்பில் ஒரு முடிச்சு. நான் அதை வாங்கி, பிரித்து, ஐந்து இதழ் வைத்து அழகாக முறுக்கிக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னுது இல்ல" என்று பாயில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மதியம் பிள்ளைகள் தூங்கிய பிறகு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதீங்க கண்ணு. நீங்க பண்ணுனது நல்லாத்தான் இருக்குது. அந்தப் புள்ள பண்ணுனது எங்கீங்க போச்சு?"

படத்தில் இருப்பதுபோல் செய்யத்தான் சொன்னார்கள் என்று வாதாடினேன். "படத்துல இருக்கறத அந்தப் படமே பண்ணிக்கட்டும்" என்று எழுந்துவிட்டார். மறுநாள் முதல், பிள்ளைகள் மொசுக்கம்பியை எடுத்து உட்கார்ந்தால், ஒரு கட்டு முருங்கைக்கீரை என் மடிக்கு வந்துவிடும். "சித்த உருவுங்க டீச்சர், சாம்பாருக்கு வேணும்." எனக்கு முதலில் புரியவில்லை. வாரத்தில் மூன்று நாள் கீரைச் சாம்பார் ஆனபோதுதான், என் கையைக் கட்டிப்போடுகிறார் என்று விளங்கியது. அவரும் உட்கார்ந்து உதவ மாட்டார். ஒரு பிள்ளை கம்பியை நீட்டி, "பண்ணிக் குடு" என்று அழுதால், "எனக்குத் தெரியாதே சாமி, நீ பண்ணு, நான் பாத்துக் கத்துக்கறேன்" என்பார். அந்தப் பொய்யை எல்லாப் பிள்ளைகளும் நம்பினார்கள்.

பிறகுதான் அந்த மனு போனது. எங்கள் மையத்துக்குப் பிள்ளைகளே வருவதில்லை, டீச்சர் வருகைப் பதிவேட்டில் பொய்யாக எழுதுகிறாள் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அது உண்மை என்று ஆகிவிட்டால் எங்கள் மையத்தை அடுத்த ஊர் மையத்தோடு சேர்த்துவிடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளை லாரி போகும் ரோட்டில் அவ்வளவு தூரம் நடக்காது. தாய்மார்கள் பழையபடி பிள்ளைகளைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய், மரத்தடியில் விட்டுவிட்டு மிளகு பறிக்க ஏணியில் ஏற வேண்டும். என் பெயரும் கெடும். இரண்டில் உனக்கு எது பெரிது என்று அன்று யாராவது கேட்டிருந்தால், என் பெயர் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

விசாரிக்க மேலதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் பூக்களைப் பார்த்தேன். ஒன்று சுருண்டு கிடந்தது, ஒன்று கோணிக்கொண்டு நின்றது, இன்னொன்று எந்தப் பக்கம் பார்த்தாலும் பூவாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நானே இருபத்திரண்டு பூ செய்து, பெயர் எழுதி ஒட்டிவிடலாம் என்று கம்பிப் பெட்டியைத் தேடினேன். காணவில்லை. அக்கா அதை அரிசி டிரம்முக்குள் போட்டு, டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க அக்கா. மையமே போயிரும்."

"போனாப் போவுது. அதுக்கோசரம் புள்ளைங்களுதத் தூக்கிப் போடுவீங்களா? நான் தரமாட்டேன் போங்க."

அன்று அவரோடு பேசவில்லை. சோறும் தனியாகவே சாப்பிட்டேன். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலை வந்து பார்த்தால் சுவர் மொட்டையாக இருந்தது. ஒரு பூ இல்லை. அக்கா பின்பக்கம் கையைக் காட்டினார். மையத்துக்குப் பின்னால் இருந்த ஈர மண்ணில், வரிசை வரிசையாக, எல்லாப் பூக்களும் நடப்பட்டு நின்றன.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் நான் பஸ் ஏறிய பிறகு பக்கத்துக் காட்டில் மரவள்ளி நட்டிருக்கிறார்கள். குச்சியைத் துண்டு துண்டாக நறுக்கி மண்ணில் செருகினால் அது துளிர்த்துவிடும் என்பது எங்கள் மலைப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன்பே தெரியும். தாய்மார்கள் வரும்வரை வேலியோரம் நின்று பார்த்தவர்களுக்கு யோசனை வந்துவிட்டது. தங்கள் பூவுக்கும் குச்சி இருக்கிறதே, நட்டால் இன்னும் நிறையப் பூக்குமே! அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவரவர் கையில் கொடுத்திருக்கிறார். அன்று வராத பிள்ளைகளின் பூக்களையும் வந்தவர்களே நட்டிருக்கிறார்கள். கவின் என்ற பையன் மட்டும் பூவை மண்ணுக்குள் புதைத்து, காம்பை வெளியே விட்டிருந்தான். இரவில் மழை வேறு பெய்து சேறு தெறித்திருந்தது.

"இன்னைக்குத்தானா அக்கா?" என்று கத்தினேன்.

"கேட்டாங்க, குடுத்தேன். அவங்களுதுதானுங்களே."

படியில் உட்கார்ந்து முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனேன். "அழுவறதுன்னா அப்பறமா அழுவுங்க. கஞ்சிக்கு நேரமாச்சு" என்று உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி அம்மா பதிவேட்டைப் புரட்டினார், பிள்ளைகளை எண்ணினார். பத்தொன்பது பேர் இருந்தார்கள். "இன்னைக்கு நான் வர்றேன்னு கூட்டி வந்து உக்கார வச்சிருக்கலாம். தினமும் வர்றாங்கங்கறதுக்கு என்ன இருக்கு? சுவத்துல ஒரு படம்கூட இல்லியே" என்றார். அக்காதான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பின்னாடி வாங்கம்மா, காட்டறேன்" என்றார்.

அந்த அம்மா சேற்றில் நின்ற கம்பிகளைப் பார்த்துவிட்டு, "இத நீங்க ரெண்டு பேரும் செஞ்சு நட்டு வைக்கலைன்னு என்ன நிச்சயம்?" என்றார்.

"நாங்க பண்ணியிருந்தா எல்லாம் ஒண்ணாட்டமே அழகா இருந்திருக்குமுங்களே. எங்க டீச்சர் அத்தன நல்லாப் பண்ணுவாங்க" என்று சொல்லி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார். "சாமிகளா, அவங்கவங்க பூவுகிட்டப் போயி நில்லுங்க பாக்கலாம்."

ஓடினார்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடி, ஒரு சண்டையும் இல்லாமல் ஆளுக்கொரு பூவின் பின்னால் போய் நின்றார்கள். அந்த அம்மா தர்ஷினியிடம் குனிந்து, "இது உன்னோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "முடிச்சு இருக்குதுல்ல, நான்தான் போட்டேன்" என்றாள் அவள். கவினிடம், "உன் பூ எங்கே?" என்றார். "உள்ள இருக்குது. இனிமேத்தான் வரும்" என்றான். அவர் காம்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். சேறு அப்பிய சிவப்புச் சுருள் ஒன்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு, இருந்தபடியே தலைகீழாகத் திரும்ப நட்டார்.

மூன்று பூக்களின் பின்னால் யாரும் நிற்கவில்லை. "இது யாரோடது?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அது சஞ்சயோடது, அவனுக்குக் காய்ச்சல். அது பிரியாவோடது, அவங்க அப்புச்சி ஊருக்குப் போயிருக்கறா. அந்தப் பச்சை ஹரிணியோடது, அவளுக்குத் தம்பி பொறந்திருக்கறான். அந்த அம்மா ஒவ்வொரு பெயராகப் பதிவேட்டில் விரல் வைத்துப் பார்த்தார். 'வரவில்லை' என்று அன்று நான் எழுதியிருந்த மூன்று பெயர்களும் அவைதான். பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "கஞ்சி இருந்தா எனக்கும் ஒரு டம்ளர் கொடுங்க" என்றார்.

மையம் தொடரும் என்ற கடிதம் சில வாரங்களில் வந்தது. அதை அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். என் ஐந்து இதழ்ப் பூக்கள் இருபத்திரண்டும் அன்று சுவரில் இருந்திருந்தால், எந்தப் பிள்ளை எதன் பக்கத்தில் போய் நின்றிருக்கும்? என் கைவண்ணமே மையத்தை மூடியிருக்கும். இதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, "உடுங்க கண்ணு, வந்தவங்களுக்குப் பேர் சொன்னது புள்ளைங்கதானே, நானா?" என்றார். தன்மேல் பெருமையை ஏற்றிக்கொள்ள அவருக்குத் தெரியவே இல்லை. அதனால்தான் அவருக்கும் சேர்த்து நான் பெருமைப்படுகிறேன். எங்கள் மையத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் முகம்தான் நினைவுக்கு வரும்.

அக்கா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, குறுக்கே போகாத ஒரு ஜோடிக் கை. அதைப் பழக எனக்குப் பல வருடம் பிடித்தது. அவரை அடக்கம் செய்த மறுநாளும் மையத்தைத் திறந்தேன். மிளகுக் காலம், தாய்மார்களுக்குப் பிள்ளைகளை விட வேறு இடம் கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப்பெண் ஒற்றைக் கம்பியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். வளைத்தாள், பிரித்தாள், காலில் போட்டு மிதித்தாள், திரும்ப எடுத்தாள். எனக்கு விரலெல்லாம் துறுதுறுத்தது. கடைசியில் அது ஏதோ ஒன்றாக வளைந்து நின்றது. அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கி, "நானே பண்ணுனேன்!" என்று கூவினாள்.

நான் சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினேன். அங்கே அக்கா இல்லை. அவரிடம் சொல்ல இருந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பாத்தீங்களா அக்கா, நான் தொடவே இல்லை.