முட்டைக்காரர் சைக்கிளுக்கு ஸ்பிரிங் வந்த கதை

கன்னியப்பன் என் அக்கா பத்மாவின் புருஷன். நெமிலிச்சேரியில் வீடு. இருபத்தாறு வருஷமாக சைக்கிளில் முட்டை போடுகிறார். விடிந்ததும் பட்டாபிராமில் இருக்கும் என் டிபன் கடைக்கு இரண்டு அட்டை இறக்குவார். அப்புறம் குவார்ட்டர்ஸ் வீடுகள். அங்கிருந்து திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேன்டீன்கள். இத்தனை வருஷத்தில் அவர் உடைத்த முட்டைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆண்டவன் அப்படி ஒரு கையை அவருக்குக் கொடுத்திருக்கிறான்.

இடுப்பைத்தான் அப்படிக் கொடுக்கவில்லை. போன ஐப்பசி மழையில் ரோடெல்லாம் பெயர்ந்துபோனதிலிருந்து வலி பிடித்துக்கொண்டது. குழிக்குக் குழி "முருகா" என்பார். ஒரு நாள் என் கடை வாசலில் இறங்க முடியாமல் சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் அணைத்துப் பிடித்து இறக்கினேன். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடுப்புக்கு நாலு பயிற்சியும் சொல்லிக்கொடுத்துவிட்டு, "சைக்கிளை விட்டுடுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமாவுக்கு மோட்டார் வண்டி வராது. கற்றுக்கொள்ளப் போன அன்றைக்கே கால்வாயில் இறங்கியவர் அவர். சைக்கிளை விட்டால் முட்டையையும் விட வேண்டும். நாலு வாசலில் நின்று சிரித்துப் பேசாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. அதனால் டாக்டர் சொன்னதை அக்காவிடம் மறைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

குவார்ட்டர்ஸில் ரவிச்சந்திரன் என்று ஒருவர், மதுரைப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமையானால் நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறவர். மாமா வேகத்தடையில் முகம் சுளிப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அண்ணே, முட்டைக்கு அட்டை வச்சிருக்கீங்க. உங்களுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"எனுக்கு முருகன் கீறாரு சார்."

"அவரு இருக்கட்டும்ணே. கூட ஒரு ஸ்பிரிங்கும் இருக்கட்டும்."

சொன்னதோடு நிற்காமல், தன்னிடம் சும்மா கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சீட்டைத் தாங்கும் கம்பிதான், ஆனால் உள்ளே ஸ்பிரிங் வைத்தது. சக்கரம் குழியில் இறங்கினால் கம்பி கொஞ்சம் உள்ளே போய் மறுபடி மேலே வரும். அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும், இடுப்புக்கு அனுப்பாது. சைக்கிள் கடை கிருபாகரன் அதன் அடியிலிருந்த திருகை மாமாவின் எடைக்குத் தக்கபடி முறுக்கினார். குழாய்க்குள் லூசாக இருந்ததால் மெல்லிய தகடு சுற்றி மாட்டிக் கொடுத்தார்.

"ஏறிப் பாரு அண்ணாத்தே."

"பூஜ போடாத எப்டி ஏற்றது?" என்று மாமா தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. இடுப்பு நல்லபடியானால் திருத்தணிக்கு வருவதாக வேண்டிக்கொண்டு, மாமா ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்தார். புதிதாக வந்தது கம்பி, அப்படியானால் கம்பியில்தானே கட்ட வேண்டும்? சீட்டுக்குக் கீழே பளபளவென்று நாலு விரல் அகலம் தெரிந்தது. அந்த இடத்தில் துணியைச் சுற்றி, அவிழ்ந்துவிடக் கூடாதே என்று மேலே மஞ்சள் கயிற்றையும் இறுக்கிச் சுற்றிக் கட்டியது நான்தான்.

அன்று திருமழிசை போய் வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா மாமா?"

"கல்லு மேல உக்காந்துகினு போன மாரி கீது மச்சான். வுடு, நமக்கு இவ்ளோதான்."

மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொல்லிவிட்டு, சைக்கிளைத் துடைத்துச் சுவரோரம் சாய்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போய்க் கிருபாகரனை அழைத்து வந்தேன்.

அவர் சீட்டுக்குக் கீழே குனிந்தார். பிறகு எழுந்திருக்கவே முடியாமல் சிரித்தார்.

"யோவ், ஆட வேண்டிய கம்பிய கழுத்த இறுக்கிக் கட்டிட்டு, ஆடல ஆடலன்னா? யாருய்யா கட்னது?"

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. "அவுத்துடலாம் மாமா" என்றேன்.

"வேண்டுதல் முடியாத சாமித் துணிய அவுக்கலாமா? அடி போடா!"

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "யோவ், மூணு நாளா சாமிய கீழ வெச்சிகினு அது மேல உக்காந்து கீற. அது மட்டும் செய்யலாமா? முன்னால ஹேண்டில்பார்ல கட்டு. வழியப் பாத்துகினு வரட்டும்."

மாமா கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காசு முடிச்சை அவிழ்க்காமல் கயிற்றை மட்டும் நான் பிரித்தேன். துணி முன்னால் போயிற்று.

எங்கள் தெருவில் குழிக்குப் பஞ்சமில்லை. முதல் குழியில் மாமா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். சீட்டு மெல்ல இறங்கி மெல்ல எழும்பியது. கண்ணைத் திறந்தார். இரண்டாவது குழியை அவரே தேடிப் போனார்.

"பத்மா! ஊஞ்சலு மாரி கீதுடி!"

"தெருவே பாக்குது, எறங்குய்யா."

"பாக்கட்டும்!"

மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். குனியச் சொன்னார், குனிந்தார். திரும்பச் சொன்னார், திரும்பினார். "பாத்தீங்களா, சைக்கிளை விட்டதும் எவ்வளவு குறைஞ்சிருக்கு!" என்றார் டாக்டர்.

மாமாவுக்குப் பொய் வராது. "சார், ஒரு நிமிசம் வாசலுக்கு வரணும்" என்று கும்பிட்டார்.

டாக்டர் சீட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தானே ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை ஆடினார். நர்ஸம்மா ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பெரிய குழின்னா இறங்கித் தள்ளணும். சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடக்கூடாது. அடுத்த மாசமும் சைக்கிள்லயே வாங்க."

மாமா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். டாக்டர் இறங்கினால் இவர் கிளம்பலாம். டாக்டர்தான் இறங்குகிற மாதிரி தெரியவில்லை.