குளியலறைக் கதவு பார்த்த திசை

“நாலு சுவர், மேல ஒரு கூரை. அதுக்கு மேல வீட்டுல எதையாவது கேக்கிறவன் கொழுப்பெடுத்தவன்” என்று மேஸ்திரி முழங்கியபோது, குறைந்த விலைக் குடியிருப்பின் மூன்றாம் பிளாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். அதே பிளாக்கில் அவருக்கே ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. தத்துவத்துக்குச் சோதனைக்காலம் தொடங்கியது.

வீட்டில் ஜன்னல் உண்டு. திறந்தால் அடுத்த பிளாக்கின் சுவர் கைக்கு எட்டும், காற்றுக்கு அனுமதியில்லை. ஆகவே வாசல் கதவைத் திறந்துவைக்க வேண்டும். அதற்கு நேர் எதிரே குளியலறைக் கதவு. வரைபடம் போட்ட மகானுபாவர் குளிக்காத பரம்பரையில் பிறந்திருக்க வேண்டும்.

ஒருநாள் துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் மகள் ஈரத்தலையோடு வெளியே வரவும், அவள் குளிப்பதற்காகச் சாத்தியிருந்த வாசல் கதவைக் கேஸ் சிலிண்டர்காரர் தள்ளிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அத்தை வீட்டில்தான் குளியல். “இப்படியே இருந்தா நான் அங்கேயே இருந்துக்கிறேன்” என்றும் சொல்லிவிட்டாள்.

“அந்தக் கதவை வெச்ச கை எது?” என்றாள் மேஸ்திரியின் மனைவி.

“வரைபடத்துல அப்படித்தான் இருந்துச்சு.”

“சரி. உங்க வாயை எங்க அடகு வெச்சிருந்தீங்க?”

அந்த நேரம் பார்த்து, குடியிருப்பவர்களின் விருப்பத்தை அறிய ஓர் அதிகாரி படிவத்தோடு வந்து சேர்ந்தார்.

“வெளிச்சுவருக்குப் பச்சையா, மஞ்சளா?”

“குளியலறைக் கதவைச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பணும், சார்.”

“அதுக்குப் படிவத்துல இடமில்லையே. முகப்பு வளைவு பிடிச்சிருக்கா?”

“என் பொண்ணு அத்தை வீட்டுல போய்க் குளிக்கிறா, சார்.”

“வருத்தம்தான். ஆனா சுவர்ல கை வெச்சா ஒதுக்கீடு ரத்து, தெரியும்ல?” அதிகாரி ‘மஞ்சள்’ என்று எழுதிக்கொண்டு மிகுந்த திருப்தியோடு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை மகள் தோளில் மாட்டியது வழக்கமான சோப்புப் பை இல்லை. துணிமணி அடைத்த பெரிய பை.

மேஸ்திரி சுத்தியலையும் உளியையும் எடுத்து வந்தார்.

“வீடு போயிடும்ங்க” என்றாள் மனைவி, குரல் இறங்கி.

“போனா போகட்டும்.”

சுண்ணாம்பில் தோய்த்த நூலைச் சமையல்கட்டுப் பக்கச் சுவரில் வைத்தார்.

“அந்த முனையைப் பிடிம்மா.”

பையை இறக்காமலே மகள் பிடித்தாள். நூலைச் சுண்டிக் கோடு போட்டார். கோட்டின் மேல் உளியை வைத்து, தான் பூசிய சுவரில் முதல் அடி அடித்தார்.